மெத்தைக்குள் வைத்த உப்புக்கண்டம்

பிப்ரவரி 16

அத்தைக்கு,

நீங்க வீடு போய்ச் சேர்ந்துட்டதா உங்க பிள்ளை சொன்னார். “அம்மா நல்லா இருக்காங்க, உன்னை ரொம்ப விசாரிச்சாங்க”ன்னார். நீங்க என்னை விசாரிச்சிருக்க மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும். நானும் உங்களை விசாரிக்கலை. ஆனா உங்ககிட்ட, “அவ உங்களை நினைச்சு அழுதுக்கிட்டே இருக்கா”ன்னு சொல்லியிருப்பார். ரெண்டு பக்கமும் சர்க்கரை தடவியே பழகிட்டார். அதனாலதான் போன் வேண்டாம்னு கடிதம் எழுதுறேன். கடிதத்துக்கு நடுவுல அவர் வந்து உட்கார முடியாது.

அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு நீங்க தெரிஞ்சுக்கணும். ஆஸ்பத்திரியில ஒரு லிப்ட் நின்னுபோச்சுன்னு அவரைக் காலையிலேயே கூப்பிட்டுட்டாங்க. லிப்ட் மெக்கானிக்கைக் கட்டிக்கிட்டா இப்படித்தான். நான் வயித்தைத் தூக்கிக்கிட்டு பஸ் பிடிச்சுத் தனியா விமான நிலையம் வந்தேன். உங்க விமானத்துல வந்தவங்க ஒவ்வொருத்தரா வெளியே வந்தாங்க. கட்டிப்பிடிச்சாங்க, போட்டோ எடுத்தாங்க, போனாங்க. கடைசியில விமானம் ஓட்டினவரே சின்னப் பெட்டியை இழுத்துக்கிட்டு என்னைத் தாண்டிப் போயிட்டார். நீங்க வரலை. காபிக் கடையில நின்ன பொண்ணு ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டா. மதியத்துக்கு மேல ஒரு அதிகாரி வெளியே வந்து என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். உங்களுக்கு உடம்புக்கு ஏதோ ஆயிடுச்சுன்னுதான் நினைச்சேன். 

அவர் சொன்னது முதல் தடவை புரியலை. ரெண்டாவது தடவையும் புரியலை. பிறக்கப்போற பிள்ளைக்கு நீங்க தைச்ச மெத்தை. அதுக்குள்ள பஞ்சுக்கு நடுவுல பொட்டலம் பொட்டலமா காய்ஞ்ச இறைச்சி. விமானத்துல நிரப்பச் சொல்லிக் குடுத்த அட்டையில ‘உணவுப் பொருள் எதுவும் இல்லை’ன்னு டிக் போட்டு, கேட்டப்பவும் இல்லைன்னு சொல்லியிருக்கீங்க. மறந்துபோய்ப் பையில கிடந்தா அது வேற, தைச்சு ஒளிச்சிருந்தா அது வேறன்னார். விசா ரத்து. சாயங்கால விமானத்துலயே திருப்பி அனுப்பறாங்க. மூணு வருஷத்துக்கு இந்தப் பக்கம் வரக்கூடாது. ஒரு நிமிஷம் பார்க்கலாமான்னு கேட்டேன். முடியாதுன்னார்.

அத்தை, நீங்க பெண்கள் சிறையில வார்டரா இருந்து ரிடையர் ஆனவங்க. ஊர்க்காரங்க கொண்டுவர்ற டிபன் கேரியரை எல்லாம் அடுக்கடுக்கா கிளறிப் பார்த்து உள்ளே அனுப்பினவங்க. “என்னைத் தாண்டி ஒரு பீடி உள்ளே போனதில்லை”ன்னு எங்க கல்யாணத்துக்கு வந்தவங்ககிட்டல்லாம் சொன்னீங்க. நீங்களா இப்படிப் பண்ணினீங்க? நான் எத்தனை தடவை போன்ல சொன்னேன், எது வேணும்னாலும் கொண்டுவாங்க, ஆனா ‘ஆமா’ன்னு டிக் போடுங்க, ஆகாததை எடுத்துக் குப்பையில போட்டுட்டு உங்களை அனுப்பிடுவாங்கன்னு. ஒரே ஒரு டிக்.

எங்கம்மா இல்லாதது உங்களுக்குத் தெரியும். அப்பா அண்ணன் வீட்டுல ஒரு மூலையில இருக்கார். பிரசவத்துக்கு உங்களைத்தான் நம்பி இருந்தேன். ஏன் அப்படிப் பண்ணினீங்கன்னு மட்டும் சொல்லுங்க.

மருமகள்

*

மார்ச் 1

மருமகளுக்கு,

உன் கடிதம் வந்துச்சு. நீ கடைசியா கேட்டியே ஒரு கேள்வி, அதுக்கு நான் பதில் சொல்லப்போறதில்லை. அதை முதல்லயே சொல்லிடுறேன், கடைசிவரைக்கும் படிச்சுட்டு ஏமாந்துபோகாதே. மத்தது எல்லாம் சொல்றேன்.

அங்கே யாரும் எனக்கு அநியாயம் பண்ணலை. உன் புருஷன் “உங்களை ரொம்பக் கொடுமைப்படுத்தினாங்களா”ன்னு போன்ல கேட்டான். ஒரு கொடுமையும் இல்லை. பெட்டி வர்ற இடத்துல ஒரு நாய் சுத்திக்கிட்டு இருந்துச்சு. குட்டி நாய், மேல ஒரு சட்டை மாட்டியிருந்தாங்க. ஒவ்வொரு பெட்டியா மோந்து பார்த்துக்கிட்டே வந்து என் மெத்தைச் சுருட்டுக்குப் பக்கத்துல உட்கார்ந்துச்சு. குரைக்கலை. குதிக்கலை. என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கலை. வேலையை முடிச்சாச்சுன்னு உட்கார்ந்திருந்துச்சு. என்கூட வேலை பார்த்தவங்கள்ல பாதிப் பேருக்கு அந்தப் பொறுமை கிடையாது.

அப்புறம் ஒரு சின்னப் பொண்ணு, கையில உறை போட்டிருந்தா. போன்ல ஒருத்தர் மொழிபெயர்த்துச் சொன்னார், அவருக்கு நல்ல ஜலதோஷம். “பெட்டியில உணவு ஏதாவது இருக்கா?” இல்லைன்னேன். “இறைச்சி, விதை, தேன் ஏதாவது?” இல்லைன்னேன். மூணாவது தடவை கேட்கும்போது அந்தப் பொண்ணு பேனாவைக் கீழே வெச்சுட்டா. நானும் அப்படித்தான் வெப்பேன். இதுதான் கடைசி வாய்ப்பு, இப்ப சொல்லிட்டா போயிடலாம்னு அர்த்தம். அது எனக்குப் புரிஞ்சுச்சு. புரிஞ்சேதான் இல்லைன்னேன்.

மெத்தையை அழுத்திப் பார்ப்பான்னு நினைச்சேன். அழுத்தலை. ரெண்டு கையிலயும் வெச்சு ஏந்திப் பார்த்தா. எடையிலயே பிடிச்சுட்டா. கெட்டிக்காரி. ஆனா தையலைப் பிரிச்சிருக்கலாம், கத்தியை எடுத்துக் குறுக்கால கீறிட்டா. அதுதான் எனக்குக் கொஞ்சம் கஷ்டமா இருந்துச்சு. கீழ்வீட்டுத் தையல் கடையில உட்கார்ந்து, முதுகு வலிக்க வலிக்கத் தைச்சது.

அப்புறம் ஒரு அறை. நாற்காலியைத் தரையோட சேர்த்து முடுக்கியிருந்தாங்க. ரொட்டி குடுத்தாங்க, போர்வை குடுத்தாங்க. கதவுக்கு வெளியே ஒருத்தி காவல் இருந்தா. எத்தனையோ வருஷம் நான் நின்ன இடம் அது. உள்ளே இருந்து பார்த்தா கதவு வேற மாதிரி இருக்கு.

வெளியே என் மருமகள் நிக்கிறா, மாசமா இருக்கா, அவளை உட்காரவாவது சொல்லுங்கன்னு அந்த ஜலதோஷக்காரரை மொழிபெயர்க்கச் சொன்னேன். சொன்னாரான்னு தெரியலை.

உன்னைத் தனியா விட்டுட்டேன். அதுக்கு என்ன எழுதினாலும் ஈடாகாது. வலி எடுத்தா கணக்குப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ. பொய் வலின்னு திருப்பி அனுப்பினா திரும்பி வந்துட்டு மறுபடியும் போ. வெட்கப்பட ஒண்ணும் இல்லை.

அத்தை

*

மார்ச் 12

அத்தைக்கு,

கால் ரெண்டும் வீங்கிக் கிடக்கு. செருப்பு ஏறமாட்டேங்குது. வேலைக்குப் போறதை நிறுத்தியாச்சு. நான் கண் பரிசோதிக்கிற கண்ணாடிக் கடையில கடைசி நாள், எழுத்துப் பலகையைப் படிக்க வந்த பெரியவர் ஒருத்தர், “நீ முதல்ல உட்காரும்மா, நான் நின்னுக்கிட்டே படிக்கிறேன்”ன்னார்.

நீங்க பதில் சொல்லலைன்னா என்ன, நானே யோசிச்சேன். படுத்தா தூக்கம் வரலை, வேற என்ன வேலை. அந்த உப்புக்கண்டம் யாருக்கு? உங்களுக்கு இல்லை. உங்களுக்குக் கீழ்ப்பல்லு கட்டினது, அதைக் கடிச்சா பல்லுதான் கையோட வரும். எனக்கும் இல்லை. மாசமானதுல இருந்து எனக்கு இறைச்சி வாடையே ஆகறதில்லை, அதையும் உங்ககிட்ட சொல்லியிருக்கேன். வீட்டுல மிச்சம் இருக்கிறது ஒரே ஆள்.

பிள்ளைக்குப் பிடிக்கும்னு நீங்களா ஆசைப்பட்டுக் கொண்டுவந்திருப்பீங்க. அதைக் குத்தம்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு கேட்கிறேன், கோபப்படாதீங்க. அவருக்கு உப்பு ஆகாதுன்னு தெரிஞ்சும் எப்படி மனசு வந்துச்சு? போன மழைக்காலத்துல லிப்ட் கூண்டுக்கு மேல ஏறி வேலை பார்க்கும்போது தலை சுத்தி அங்கேயே உட்கார்ந்துட்டார். கூட வேலை பார்க்கிறவர் பெல்ட்டைப் பிடிச்சுக்கிட்டதால தப்பிச்சார். ஆம்புலன்ஸ்ல கொண்டுபோனாங்க. ரத்த அழுத்தம் எகிறிக் கிடந்துச்சு. ஊறுகாய், கருவாடு, வறுவல், உப்புப் போட்ட எதையும் தொடவே கூடாதுன்னு டாக்டர் கண்டிச்சு அனுப்பினார். அதுக்கப்புறம் எங்க வீட்டுச் சமையலை நீங்க ஒரு வாய் சாப்பிட்டீங்கன்னா துப்பிடுவீங்க. நானும் அதையேதான் சாப்பிடுறேன்.

இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்னுதான் இத்தனை நாளும் நினைச்சுக்கிட்டு இருக்கேன். தினம் தினம் அவர்கிட்ட போன்ல பேசுறீங்களே.

மருமகள்

*

மார்ச் 26

மருமகளுக்கு,

பேத்தி பிறந்த சேதி அவன் சொன்னான். ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்கன்னும் சொன்னான். அவன் சொன்னா நம்பலாமா வேண்டாமான்னு இப்ப எனக்கே சந்தேகம். நீ உன் கையால ரெண்டு வரி எழுதிப் போடு.

உன் கடிதத்தைப் படிச்சுட்டுக் கீழே வெச்சுட்டேன். அடுப்புல இருந்த பால் பொங்கி வழிஞ்சு அடுப்பே அணைஞ்சுபோச்சு. அப்புறம்தான் எழுந்து போனேன்.

எனக்குத் தெரியாது. அவன் எனக்குச் சொல்லலை. போன மழைக்காலத்துல ரெண்டு வாரம் வீட்டுல இருந்தான், எனக்குத் தெரியும். கால் சுளுக்கிடுச்சுன்னான். சுளுக்குக்கு எண்ணெய் தேய்ச்சுக்கோன்னு நானும் சொல்லிக்கிட்டு இருந்தேன். தேய்ச்சேன், இப்ப பரவாயில்லைன்னு அவனும் சொல்லிக்கிட்டு இருந்தான்.

இனிமே மறைக்க ஒண்ணும் இல்லை. சொல்றேன். கேட்டது அவன்தான். நான் கிளம்பறதுக்கு ஒரு வாரம் முன்னாடி, “அம்மா, கொஞ்சம் உப்புக்கண்டம் கொண்டுவா. அவளுக்குத் தெரிய வேண்டாம்”ன்னான். ஏண்டா தெரியக்கூடாதுன்னேன். “அவளுக்கு வாடை ஆகாது, சத்தம் போடுவா. நான் வேலைக்குப் போற இடத்துல வெச்சுச் சாப்பிட்டுக்கிறேன்”ன்னான். அட்டையில என்ன போடுறதுன்னு கேட்டதுக்கு, “இல்லைன்னு போடு. ஆமான்னு போட்டா மேசையில எல்லாத்தையும் பரப்புவாங்க, என்ன எடுத்தாங்கன்னு அவ வெளியே நின்னு கேட்பா”ன்னான். மாசமா இருக்கிற பொண்டாட்டிக்குப் பயந்து ஒளிஞ்சு தின்ன ஆசைப்படுறான், ஆம்பளைங்க பண்றதுதானேன்னு நானும் சிரிச்சுக்கிட்டே சரின்னுட்டேன்.

மெத்தையில வெச்சது என் யோசனை. அவனுக்கு அதுல பங்கு இல்லை. கைதிங்க எங்கெங்கே எதை வெப்பாங்கன்னு பார்த்துப் பார்த்து எனக்கு அத்துப்படி. குழந்தைச் சாமானை அதிகாரிங்க பிரிக்கத் தயங்குவாங்க, நானே தயங்கியிருக்கேன். அந்தப் புத்தி வேலை செஞ்சுடுச்சு.

பிடிபட்டப்பவே உன்கிட்ட சொல்லியிருக்கலாம். பிள்ளை பெறப்போற நேரத்துல புருஷனைக் காட்டிக் குடுக்க வேண்டாம், கெட்ட பேரு எனக்கே இருக்கட்டும், எனக்குப் பழக்கம்தான்னு விட்டுட்டேன். அவனாவது சொல்லுவான்னு பார்த்தேன். சொல்லலை.

இப்ப நீ ஒண்ணு தெரிஞ்சுக்கணும். உன் மாமனார் எப்படிப் போனார்னு உனக்கு என்ன சொல்லியிருக்கான்? எனக்குத் தெரிஞ்சு உண்மையைச் சொல்லியிருக்க மாட்டான். ரத்த அழுத்தம். காலையில சவரம் பண்ணிக்கிட்டு இருந்தவர், பாதி முகத்துல நுரையோட விழுந்தார். நாற்பத்தி நாலு வயசு. ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கிட்டுப் போன வண்டியில அவர் தலையை மடியில வெச்சுக்கிட்டு இருந்தது இவன்தான். இதை உங்க டாக்டர்கிட்ட சொல்லு. இன்னிக்கே சொல்லு.

என்ன மாத்திரை சாப்பிடுறான், ஒழுங்கா சாப்பிடுறானா, இன்னமும் அந்தக் கூண்டு மேல ஏறுறானா, எல்லாம் எழுது. இதைப் பத்தி அவன்கிட்ட நான் இன்னும் பேசலை. பேசினா கத்துவேன். நீ முதல்ல பேசு, நீதான் கூட இருக்கிறவ.

அத்தை

*

ஏப்ரல் 14

அத்தைக்கு,

மாமா சாலை விபத்துல போனதாத்தான் என்கிட்ட சொல்லியிருந்தார். பொண்ணு பார்க்க வந்தப்பவே அப்படித்தான் சொன்னார். அதுக்கப்புறம் மாத்திச் சொல்ல அவருக்கு வழி தெரியலை போல.

உங்க கடிதம் வந்த அன்னிக்குப் பிள்ளைக்கு வயித்து வலி, ஒரே அழுகை. அவர் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டே வீட்டுக்குள்ள நடந்துக்கிட்டு இருந்தார். நான் கடிதத்தைப் படிச்சு முடிச்சுட்டு, மெத்தையில வெச்சதைக் கொண்டுவரச் சொன்னது நீங்கதானான்னு அவரைக் கேட்டேன். நின்னுட்டார். பிள்ளை மறுபடியும் அழ ஆரம்பிச்சதும் மறுபடியும் நடந்தார்.

“ஆமா, நான்தான் கேட்டேன்.”

“உங்கம்மாவை மூணு வருஷத்துக்கு வரக்கூடாதுன்னு அனுப்பிட்டாங்க. நான் அவங்களைத் திட்டி எழுதினேன். நீங்கதான் அதைத் தபால்ல போட்டுட்டு வந்தீங்க.”

“ஆமா.”

“எதுக்குங்க?”

பிள்ளையை அடுத்த தோளுக்கு மாத்திப் போட்டுக்கிட்டார். அப்புறம், “உப்பில்லாத சாப்பாட்டை நீயும் உட்கார்ந்து சாப்பிடுற. பிடிக்கலைன்னு உன்கிட்ட எப்படிச் சொல்றது”ன்னார். அவ்வளவுதான். பெருசா ஏதோ காரணம் இருக்கும்னு நான் காத்துக்கிட்டு இருந்தேன். நாக்கு கேட்டுச்சு, கேட்டார். அவ்வளவுதான் விஷயம்.

அத்தை, நான் கத்தலை. கத்துறதுக்கு உடம்புல தெம்பு இல்லை. டாக்டர்கிட்ட மாமாவைப் பத்திச் சொன்னேன், அவரையும் பக்கத்துல உட்கார வெச்சுக்கிட்டு. டாக்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார், நீங்க கைதியைப் பார்ப்பீங்களே அந்த மாதிரி இருந்திருக்கும். இதை முதல்லயே ஏன் சொல்லலைன்னு கேட்டார். மாத்திரையை மாத்தி எழுதினார். இதயத்துக்குப் பரிசோதனை எடுக்கச் சொல்லியிருக்கார். கம்பெனியில கூண்டு மேல ஏறுற வேலையை நிறுத்திட்டு, புகார் வந்தா போன் எடுக்கிற வேலையில உட்கார வெச்சிருக்காங்க. லிப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்ககிட்ட அமைதியா பேசணும், அதுதான் வேலை. அதுல அவரை மிஞ்ச ஆளில்லை. வீட்டுலதான் வாய் வராது.

ஒண்ணு நல்லது பண்ணினார். யாரும் சொல்லாமலே விசா அலுவலகத்துக்கு எழுதிப் போட்டார். கேட்டது நான், ‘இல்லை’ன்னு போடச் சொன்னதும் நான், அம்மா மேல இருக்கிற தடையை நீக்குங்கன்னு. எங்களுக்கு நிரந்தரமா தங்குற அனுமதிக்குப் போட்ட மனு இன்னும் அங்கேதான் கிடக்கு. இதனால அதுக்கு என்ன ஆகும்னு தெரியலை. தெரிஞ்சேதான் எழுதினார். ஊர்ல இருக்கிற இந்த நாட்டுத் தூதரகத்துல உங்களைக் கூப்பிட்டு விசாரிப்பாங்களாம். போயிட்டு வாங்க.

உங்களை அப்படி எழுதினதுக்கு வருத்தப்படுறேன். பிள்ளைக்குத் தலை நிறைய முடி. கோபம் வந்தா மூக்கு நுனி சிவக்குது. யார் மாதிரின்னு நான் சொல்ல மாட்டேன்.

மருமகள்

*

மே 20

மருமகளுக்கு,

தூதரகத்துக்குப் போயிட்டு வந்துட்டேன். நடந்ததை நடந்த மாதிரியே எழுதுறேன்.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு அம்மா. உங்க மொழியும் பேசினா, நம்ம மொழியும் பேசினா. கணினியில எல்லாத்தையும் வெச்சிருந்தா, அன்னிக்கு நான் என்ன சொன்னேன்கிறது வரைக்கும். என் பிள்ளை எழுதினதையும் படிச்சுக் காட்டினா. நல்லாத்தான் எழுதியிருக்கான். “உங்க பிள்ளை சொன்னதால பண்ணினீங்களா?”ன்னு கேட்டா. அவன் சொன்னது நிஜம், ஆனா பேனா என் கையில இருந்துச்சு, ஊசியும் என் கையில இருந்துச்சுன்னேன்.

அவ என்னையே பார்த்துக்கிட்டு இருந்தா. கெட்டவ இல்லை. குரலைத் தாழ்த்திக்கிட்டு, “அம்மா, ஒண்ணு சொல்றேன். உங்களுக்கு வயசாயிடுச்சு, அவங்க மொழி தெரியாது, அட்டையில இருந்த கேள்வி புரியலை, போன்ல கேட்டதும் சரியா காதுல விழலை. இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கன்னா மேல அனுப்பறேன். பெரும்பாலும் தடையை எடுத்துடுவாங்க. பிள்ளை சொன்னான்னு எழுதினா அதை ஒத்துக்க மாட்டாங்க”ன்னா.

பேப்பரையும் தள்ளிவிட்டா. பேனாவும் அங்கேயே நூல்ல கட்டித் தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

நான் எழுதலை. எல்லாம் புரிஞ்சுச்சு, மூணு தடவை நம்ம மொழியிலதான் கேட்டாங்க, மூணு தடவையும் புரிஞ்சேதான் இல்லைன்னு சொன்னேன்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன். என்கிட்ட எத்தனையோ பேர் வந்து நின்னு, எனக்குத் தெரியாது, புருஷன் குடுத்தான், அண்ணன் குடுத்தான், உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கலைன்னு சொல்லியிருக்காங்க. சில பேர் சொன்னது நிஜமாவும் இருந்திருக்கும். நான் யாரையும் விட்டதில்லை.

போன வாரம் பதில் வந்துடுச்சு. தடை தடைதான். அவனுடைய மனுவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லைன்னு அந்த அம்மா வாய்வார்த்தையா சொன்னா. அது ஒரு நிம்மதி.

உனக்கு ஏமாற்றமா இருக்கும். இருக்கட்டும். திட்டி எழுதணும்னா எழுது.

அத்தை

*

ஜூன் 5

அத்தைக்கு,

திட்டித்தான் எழுதுறேன்.

உப்புக்கண்டத்துக்காக மூணு தடவை சொன்ன பொய்யை உங்க பேத்திக்காக ஒரு தடவை சொல்ல முடியலையா? ஒரு கையெழுத்து. அந்த அம்மாவே வழி சொல்லிக் குடுத்திருக்கா. பிள்ளைக்கு ஆசைன்னா மெத்தையைக் கிழிச்சுத் தைக்கத் தெரிஞ்சுச்சு. எனக்கு ஒரு ஆள் வேணும்னா மட்டும் உங்களுக்கு நேர்மை வந்துடுச்சு.

இங்கே எப்படி இருக்குன்னு சொல்றேன். பிள்ளை ஒரு மணி நேரம் சேர்ந்தாப்ல தூங்கறதில்லை. படுக்க வெச்சா எழுந்துடறா, தூக்கினா தூங்கறா. உட்கார்ந்துக்கிட்டே தூங்கப் பழகிட்டேன். போன வாரம் அடுப்புல தண்ணியை வெச்சுட்டு மறந்து, பாத்திரம் கரிஞ்சு, பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினப்பதான் தெரிஞ்சுச்சு. பிள்ளை என் மடியில இருந்தா. அவர் வேலை முடிஞ்சு வந்து வாங்கிக்கிறார், இல்லைன்னு சொல்லலை. பாத்திரம் விளக்குறார், துணி துவைக்கிறார், நான் கேட்காமலே உப்பில்லாமச் சமைக்கிறார். ஆனா அவரையும் நான் பார்த்துக்க வேண்டியிருக்கு. மாத்திரை போட்டாரான்னு ஒரு கண், பிள்ளை மேல ஒரு கண். ஊர்ல எல்லாருக்கும் கண்ணைப் பரிசோதிச்சு அனுப்பினவளுக்கு இப்ப ரெண்டு கண்ணும் போதலை.

மறுநாள். நேத்து எழுதினதைக் கிழிச்சுப் போட்டுட்டு வேற எழுதலாம்னு எடுத்தேன். கிழிக்கலை. அதுவும் போகட்டும்.

எழுதினப்ப நினைச்சதைத்தான் எழுதினேன். அதுக்கப்புறம் பிள்ளைக்குப் பால் குடுத்துக்கிட்டே யோசிச்சேன். நீங்க அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டிருந்தா, அவர் அதை என்கிட்ட எப்படிச் சொல்லியிருப்பார்? “அம்மாவுக்கு ஒண்ணும் புரியலையாம், பாவம்”னு சொல்லியிருப்பார். நானும் நம்பியிருப்பேன். நம்பிட்டு, இந்த வீட்டுல நீங்க எதைச் சொன்னாலும் புரியாதவங்க சொல்றாங்கன்னு விட்டிருப்பேன். இது எனக்குப் பிடிக்கலை.

இன்னொண்ணும் தோணுச்சு. மூணு வருஷம் வரக்கூடாதுங்கிறது உங்களுக்குத்தான். எனக்கு இல்லை. எனக்கு ஆகஸ்ட் கடைசிவரைக்கும் லீவு இருக்கு. நானும் பிள்ளையும் ஜூலை ஆரம்பத்துல வர்றோம். டிக்கெட் போட்டாச்சு. அவர் வரலை. பரிசோதனை தேதி அப்பத்தான் குடுத்திருக்காங்க, அதைத் தள்ளிப்போடக் கூடாதுன்னு நான் சொல்லிட்டேன். “நான் இல்லாம நீங்க ரெண்டு பேரும் என்ன பேசுவீங்க?”ன்னு கேட்டார். பயமா இருக்கான்னேன். சிரிச்சுட்டு, இருக்குன்னார். கல்யாணமானதுல இருந்து தன் பயத்தை அவர் நேரா ஒத்துக்கிட்டது அன்னிக்குத்தான்.

உங்க வீட்டுல எனக்கும் பிள்ளைக்கும் இடம் இருக்கா? மாடிப்படி செங்குத்தா இருக்கும்னு சொன்னதா ஞாபகம். கட்டில் இல்லைன்னாலும் பரவாயில்லை. நீங்க இன்னமும் என்மேல கோபமா இருந்தா, அதையும் நேர்லயே வெச்சுக்கலாம்.

மருமகள்

*

ஜூன் 19

மருமகளுக்கு,

கோபம் இல்லை. நீ கேட்ட கேள்வி சரியான கேள்வி. உப்புக்கண்டத்துக்குச் சொன்னதைப் பேத்திக்கு ஏன் சொல்லலைன்னா, என்கிட்ட நல்ல பதில் கிடையாது. அந்தப் பேப்பரைப் பார்த்ததும் கை போகலை, அவ்வளவுதான். யோசிச்சுப் பண்ணினதா சொன்னா அது இன்னொரு பொய். வெளியே வந்து பஸ்ல உட்கார்ந்த பிறகு உன் முகம் ஞாபகம் வந்துச்சு. இறங்கித் திரும்பிப் போயிடலாமான்னுகூட நினைச்சேன். பஸ் கிளம்பிடுச்சு.

அவன்கிட்ட பேசிட்டேன். கத்துவேன்னு நினைச்சேன், கத்தலை. உங்கப்பாவைப் பத்தி அவகிட்ட ஏண்டா மாத்திச் சொன்னேன்னு கேட்டேன். சொன்னா தனக்கும் அப்படித்தான் ஆகும்னு தோணுமாம், அதனால சொல்லலையாம்.  பரிசோதனைக்கு அவனைத் தனியா அனுப்பாதே, கூட வேலை பார்க்கிறவர், பெல்ட்டைப் பிடிச்சவர், அவரைக் கூட்டிக்கிட்டுப் போகச் சொல்லு. அந்த மனுஷன் கையை ஒருநாள் நான் பிடிச்சு நன்றி சொல்லணும்.

வீடு எப்படின்னு கேட்டே. ரெண்டு அறை. கீழே தையல் கடை, பக்கத்துல பஸ் டிப்போ. விடியறதுக்கு முன்னாடியே வண்டிகளை உறுமவிட ஆரம்பிச்சுடுவாங்க. எனக்குக் காதுல விழறதே இல்லை, பிள்ளை முதல் ரெண்டு நாள் திடுக்கிடுவா, அப்புறம் பழகிடும். மாடிப்படி செங்குத்துதான். நீ பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஏற வேண்டாம், கீழே நின்னு குரல் குடு, நான் இறங்கி வந்து வாங்கிக்கிறேன். சன்னலுக்குக் கொசுவலை அடிக்கச் சொல்லியிருக்கேன். தண்ணி காலையில மட்டும்தான் வரும், தொட்டியில பிடிச்சு வெச்சுக்கிறேன். கட்டில் ஒண்ணுதான் இருக்கு, அது உனக்கு. நான் தரையில படுக்கிறவ, இது உபசாரத்துக்குச் சொல்லலை, என் முதுகுக்கு அதுதான் சௌகரியம்.

என் சமையல்ல உப்பு தூக்கலாத்தான் இருக்கும். உனக்குத் தனியா எடுத்து வெச்சுடறேன்.

நாம ரெண்டு பேரும் சேர்ந்தாப்ல ஒரு வாரம்கூட ஒரே வீட்டுல இருந்ததில்லை. கல்யாணமான கையோட அவன் உன்னைக் கூட்டிக்கிட்டுப் போயிட்டான். என் குணம் உனக்கு ஒத்துக்குமோ ஒத்துக்காதோ. நான் பேசினா உத்தரவு போடுற மாதிரி இருக்கும், வேலை பார்த்த பழக்கம். ஒத்துக்கலைன்னா என் முகத்துக்கு நேராவே சொல்லு.

பேச வேண்டியது நிறைய இருக்கு. ஆனா வந்ததும் ஆரம்பிக்க வேண்டாம். பிள்ளையை என் கையில குடு. கதவைச் சாத்திக்கிட்டுப் படு. நீயா எழுந்திருக்கிற வரைக்கும் நான் உன்னை எழுப்ப மாட்டேன்.

அத்தை